எட்டு இருபதுக்கு ஒரு பிரார்த்தனை

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். உன் சுகத்தை வாரத்துக்கு இரண்டு தடவை படமாகவே பார்த்துவிடுவதால் விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அக்காவாகப் பிறந்துவிட்டேன், விசாரிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் பெண் வாலு பால் குடிக்கிறாளா, இல்லை இன்னும் பூந்தொட்டிக்குத்தான் ஊற்றுகிறாளா?

இதைப் போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "ஒரு நிமிஷம் அக்கா, ரெக்கார்டிங்" என்று வைத்துவிடுகிறாய். போன மாதம் நாம் பேசியதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் பாட்காஸ்டில் போட்டாய். என் தும்மல் ஊருக்கெல்லாம் கேட்டது. காகிதத்தில் தும்மல் விழாது. அதனால் கடிதம்.

நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள், யாரும் சொல்லித் தரவில்லை, தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன். பார்ப்பதையும் கேட்பதையும் நீல நோட்டில் எழுதி வைக்கிறேன்: தேதி, எத்தனை நிமிடம், என்ன விஷயம், உருப்படியா இல்லையா. கணக்கில்லாமல் ஒரு காரியம் செய்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும், உனக்குத்தான் தெரியுமே.

நோட்டைப் பார்த்து ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆளுக்கொரு கொழுத்த மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் சிரிப்புதான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முகப்புப் படத்தில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், பல் டாக்டர் வீட்டு வாசல் போல. உன் அத்தான் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறார். நேற்று பக்திச் சொற்பொழிவையே அப்படி ஓடவிட்டார். "ஏங்க, கடவுளுக்கும் அவசரமா?" என்றேன். "எனக்குத்தான் அவசரம், அவர் இருக்கட்டும்" என்கிறார்.

ஜனவரியில் அங்கே வந்திருந்தபோது வாலுவுக்கு அளவெடுத்தேன் அல்லவா, தோள் பதினொன்று, நீளம் இருபத்தாறு. ஒரு கவுன் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு வயதுக்கு அவள் உயரம்தான். ஒன்றே ஒன்றுதான் மனதுக்கு ஒப்பவில்லை. பள்ளி பஸ் வரும் மூலைவரை அவளைத் தனியாக நடக்க விடுகிறாய். "ஜன்னல்ல இருந்து பாக்கறேன்" என்கிறாய். உன் ஒரு கண் ஜன்னலில், ஒரு கண் கேமராவில். அதனால் தினமும் அவள் நடக்கும் நேரத்துக்கு இங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்திக்கிறேன். நீ பார்க்காத பாதியை அவன் பார்க்கட்டும்.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 24

அக்கா,

முதல்ல ஒரு சத்தியம் பண்ணு, திட்டமாட்டேன்னு. பண்ணிட்டியா? உன் லெட்டரை ஷோவுல படிச்சிட்டேன். முழுசா. தும்மல் உட்பட.

திட்டாதே, மிச்சத்தையும் கேளு. எனக்கு எப்பவும் அறுநூறு பேர் கேப்பாங்க. இது ஒம்பதாயிரம் போயிருக்கு! "கடவுளுக்கும் அவசரமா"வை மட்டும் முப்பது செகண்டுக்கு வெட்டித் தனியாப் போட்டேன், அது எங்கேயோ போயிடுச்சு. அத்தான் இப்ப பிரபலம், சொல்லிடு. எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: "அக்கா அடுத்த லெட்டர் எப்ப?"

உனக்கு நிலவரம் தெரியாது அக்கா. இப்ப வெறும் குரலை யாரும் மதிக்கறதில்ல. பாட்காஸ்ட்னாலும் முகம் வேணும், வீடு வேணும், பின்னாடி ஒரு செடி வேணும். மெஷினே மனுஷங்க மாதிரி பேசி எபிசோடு எபிசோடா தள்ளுது. அதனால நிஜ மனுஷங்க, நிஜக் குடும்பம்னா ஜனங்க விழுந்து பாக்கறாங்க. வாலு ஸ்கூலுக்குக் கிளம்பற வீடியோதான் இப்ப என்னோட பெஸ்ட். ஷூவைத் தேடறா, சாக்ஸைத் தேடறா, என்னைத் தேடறா, அவ்வளவுதான். அதுக்கு இவ்வளவு கூட்டம்.

வாலுவோட அப்பா ஆறு வாரம் வேலை சைட்ல, ரெண்டு வாரம் வீட்ல. மிச்ச நேரம் நான் சுவத்தோட பேசணும், இல்ல மைக்கோட பேசணும். மைக்காவது பதில் சொல்லுது.

நீயும் கமெண்ட்ல வந்து பேசேன். உன்னைத்தான் தேடறாங்க.

உன் தங்கச்சி

&nbsp;

மார்ச் 23

அன்புள்ள தங்கச்சிக்கு,

சத்தியம் வாங்கிக்கொண்டு குற்றத்தைச் சொல்வது நீ ஆறு வயதில் கற்ற வித்தை. திட்டவில்லை. மூன்று நாள் கோபமாக இருந்தேன், நாலாம் நாள் நானே அதை மறுபடி போட்டுக் கேட்டேன். என் எழுத்தை நீ படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இது கர்வம் என்று தெரியும். இறைவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டாயிற்று.

நீ சொன்னபடி கமெண்டில் பேசத் தொடங்கினேன். எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களை வாசலில் நிற்கவைத்து உள்ளே போய்விடுவது நம் வீட்டுப் பழக்கமில்லை. ஒருவர் கறை போக வழி கேட்டார், ஒருவர் மாமியாரோடு பேச்சு நின்றுவிட்டது என்றார், ஒரு பெண் பரீட்சைக்குப் பிரார்த்திக்கச் சொன்னாள். பிரார்த்தனை கேட்பவர்களுக்காக நோட்டில் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன்: யார், எதற்காக, எந்த நேரத்துக்கு. நாற்பத்தேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். சமையலுக்கு நடுவில் ஓடி ஓடி வந்து கண்ணை மூடுகிறேன். "உனக்கும் ஒரு செகரட்டரி வெச்சிடலாமா?" என்கிறார் உன் அத்தான். வாய்தான். அந்த வாயோடேயே நேற்று மாடிப்படியில் சறுக்கிக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். கவலைப்படாதே, ஆறு வாரம்.

இவர்களில் ஒருவர் 'வெண்புறா' என்று பெயர் வைத்திருக்கிறார். என்ன பணிவு! தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, நீங்கள் குழந்தைக்காகப் பிரார்த்திக்கும் நேரத்தைச் சொன்னால் நானும் சேர்ந்து பிரார்த்திப்பேன், இரண்டு பேர் கேட்டால் சீக்கிரம் கேட்கும்" என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ரத்தமே ஜன்னலில் பாதிக் கண்ணோடு நிற்கிறது, யாரோ ஒருவர் நம் பிள்ளைக்காக வேலையை விட்டுக் கண்ணை மூடுகிறார். நேரத்தைச் சொன்னேன். அதன் பிறகு தனியாகவும் எழுதுகிறார், நானும் எழுதுகிறேன். மற்றவர்கள் எல்லாம் என்னைப் பற்றிக் கேட்கிறார்கள், இவர் வாலுவைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார். நல்ல ஆத்மா.

கவுன் முடிந்தது. காலர் கொஞ்சம் கோணல். வாலுவிடம் சொல்லாதே, அவள் கண்டுபிடிக்கட்டும்.

உன் அக்கா

&nbsp;

ஏப்ரல் 20

அக்கா!

அத்தானுக்குக் கால் எப்படி இருக்கு? மாடிப்படி கதையைப் படிச்சப்ப எல்லாரும் "ஐயோ"ன்னு போட்டாங்க. ஒருத்தர் நல்ல எலும்பு டாக்டரே சொன்னாரு.

ஒரு புது ஏற்பாடு. உன் லெட்டரை இனிமே நான் முன்னாடியே படிக்கறதில்ல. ஒட்டினது ஒட்டினபடி வெச்சிருந்து, ஞாயித்துக்கிழமை லைவ்ல மைக் முன்னாடிதான் பிரிக்கிறேன். முதல் தடவை படிக்கும்போது என் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் கூட்டம். நடிச்சா கண்டுபிடிச்சுடறாங்க அக்கா, இப்ப அதுதான் டிரெண்டு. உன் லெட்டர் வந்தா மேஜை மேல வெச்சிடுவேன், வாலு அதுக்குக் காவல்.

அப்புறம், ரெயின்கோட்டுக்கு தேங்க்ஸ்! நீ கமுக்கமா அனுப்பினா எனக்குத் தெரியாதா? மஞ்சள் கலர், தோள் கச்சிதம், நீளம் கச்சிதம். கூரியர்காரன் பெல் கூட அடிக்காம வாசல்ல வெச்சிட்டுப் போயிட்டான், ஸ்டாம்ப் இல்ல, அனுப்பினவங்க பேரு இல்ல. நீ எப்பவும் அப்படித்தானே, கொடுத்தா கொடுத்தது தெரியக் கூடாது உனக்கு. ஆனா பாக்கெட்டுக்குள்ள சீட்டு வெச்சு மாட்டிக்கிட்டே. "தினமும் எட்டு இருபதுக்கு உனக்காகப் பிரார்த்திக்கிறேன்." வாலு கேட்டைத் தாண்டற நேரம் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? பாக்ஸைப் பிரிக்கற வீடியோவும் போட்டாச்சு. மழை இல்லாமலே மாட்டிக்கிட்டுப் போறா உன் செல்லம்.

உன் தங்கச்சி

&nbsp;

ஏப்ரல் 25

(உறையின் மேல்: இதை மைக் முன்னால் பிரிக்காதே. தனியாகப் படி.)

தங்கச்சி,

மழைக்கோட்டு நான் அனுப்பவில்லை.

மறுபடியும் எழுதுகிறேன். நான் அனுப்பவில்லை. அடக்கத்துக்குச் சொல்லவில்லை. உன் கடிதம் கிடைத்த உடனே கூப்பிட்டேன். நாலு முறை. "ஷூட்ல இருக்கேன், லெட்டர்ல எழுது" என்று செய்தி வந்தது. 'அது என்னுடையது இல்லை' என்று பதில் அனுப்பினேன். சிரிக்கிற மூஞ்சி ஒன்றைப் போட்டு "அப்படியே மெயின்டெயின் பண்ணு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் சொல்லிடாதே" என்கிறாய். அதற்கப்புறம் நீளமாக எழுதியதை நீ திறக்கவே இல்லை. வாலுவின் பள்ளிக்கூடத்துக்குப் பேசினேன், தாயோ தகப்பனோ பேசினால்தான் கேட்போம் என்று வைத்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரருக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. உன் அத்தானை இந்த நிலையில் விட்டுவிட்டு ஓடி வரவும் வழியில்லை. விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நேற்று நீல நோட்டை எடுத்து, வெண்புறா என்னிடம் கேட்டதை மட்டும் ஒரு தனித்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். அதுவரைக்கும் அது நாற்பத்தேழு பேருடைய பேச்சுக்கு நடுவில் அங்கங்கே சிதறிக் கிடந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

மார்ச் 6ஆம் தேதி நேரம் கேட்டார். எட்டு இருபது என்றேன். 11ஆம் தேதி, பிரார்த்திக்கும்போது மனதில் ஒரு படம் இருந்தால் மனம் அலையாது, வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று கேட்டார். பச்சைக் கேட், பக்கத்தில் தையல் கடை என்றேன். 19ஆம் தேதி, குழந்தை வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை இறைவன் பெயரைச் சொல்லப் போகிறேன், எத்தனை அடி இருக்கும் என்று கேட்டார். நான் ஜனவரியில் அவள் பின்னாலேயே நடந்து எண்ணியிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அதையும் சொன்னேன். சரியாகச் சொல்ல முடிந்ததில் பெருமைகூடப் பட்டேன். ஏப்ரல் 2ஆம் தேதி, தகப்பனாரின் பிரயாணத்துக்கும் சேர்த்துப் பிரார்த்திக்க, அவர் எந்த வாரம் வீட்டில் இருப்பார், எந்த வாரம் இருக்கமாட்டார் என்று கேட்டார்.

அளவு நான் சொல்லவில்லை. அதை நீ படித்தாய், என் முதல் கடிதத்திலிருந்து.

அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன நான், பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரார்த்தனை என்று சொன்னால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வாலுவைத் தனியாக அனுப்பாதே. நேரத்தை மாற்று. அந்தக் கோட்டைப் போடவிடாதே. மற்றதை உன் அத்தானிடம்கூடச் சொல்லாமல் நான் அழுதுகொள்கிறேன்.

அக்கா

&nbsp;

மே 9

அக்கா,

உறை மேல நீ எழுதியிருந்ததைப் பாத்தேன். அதையே லைவ்ல காட்டினேன். "பாருங்க, அக்கா இந்த வாட்டி என்ன பில்டப் குடுக்கறான்னு." நாலாயிரம் பேர் இருந்தாங்க.

சத்தமாத்தான் படிச்சேன். "நான் அனுப்பவில்லை"க்கு சிரிச்சேன், அது வீடியோவுல இருக்கு. பச்சைக் கேட்னு வந்தப்பதான் குரல் நின்னுச்சு. கண்ணு மட்டும் மிச்சத்தைப் படிச்சுது. கமெண்ட் ஓடிட்டே இருந்துச்சு, "என்ன ஆச்சு", "சவுண்டு போச்சா", "இதான் நிஜ ரியாக்ஷன்"னு. அதுக்கு நடுவுல ஒண்ணு: "அக்கா, நேரம் மாறினா சொல்லுங்க. நான் காத்திருப்பேன்." பக்கத்துல சின்னப் புறா படம்.

மூடிட்டேன்.

திங்கக்கிழமை வாலுவை வீட்லயே வெச்சிருக்கணும். ஏன் அப்படிச் செய்யலைன்னு கேக்காதே. பட்டப்பகல்ல, நானே கூடப் போனா என்னன்னு நினைச்சேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு எட்டு இருபதுக்குக் கேட்டைத் தாண்டினேன். நானும் எண்ணினேன் அக்கா, உன் புத்தி எனக்கும் கொஞ்சம் இருக்கு. நூத்தி எம்பது தாண்டினப்ப பாத்தேன். மூலையில ஒருத்தர் நின்னுட்டிருந்தாங்க. சுத்தமா, பாக்க மரியாதையா. கண்ணு மூடியிருந்துச்சு. உதடு மட்டும் அசைஞ்சுட்டே இருந்துச்சு, நாங்க வெக்கற அடிக்கு ஒண்ணா. நான் நின்னேன். உதடும் நின்னுச்சு.

கண்ணைத் திறந்து, வாலுவைப் பாத்து, "கோட்டு எங்கடா செல்லம்?"னு கேட்டாங்க.

தூக்கிக்கிட்டு ஓடி வந்தேன். போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். "தொட்டாங்களா?" "இல்ல." "மிரட்டினாங்களா?" "இல்ல." "அப்ப என்னதாம்மா பண்ணாங்க?" "பிரார்த்தனை பண்ணாங்க." எழுதிட்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடி வெச்சிட்டாரு.

வாலுவோட அப்பா லீவு போட்டுட்டு வந்துட்டாரு. வீட்டைக் காலி பண்ணியாச்சு. சேனலை அழிச்சாச்சு, எல்லாத்தையும், வாலு சாக்ஸ் தேடறது வரைக்கும். ஆனா எடுத்து வெச்சிருக்கறவங்க வெச்சிருப்பாங்க, இல்லையா?

புது அட்ரஸை உனக்குச் சொல்லப் போறதில்ல அக்கா. நம்பரும் மாத்திட்டேன். கோவம் இல்ல. நீ ஒருத்தருக்குச் சொன்னே, நான் ஒம்பதாயிரம் பேருக்குச் சொன்னேன். கணக்குப் பாத்தா தப்பு எனக்குத்தான் ஜாஸ்தி. ஆனா நான் இனிமே பேசாம இருந்துடுவேன். உன்னால முடியாது. உனக்குப் பொய் சொல்ல வராது, நல்லபடியாக் கேட்டா மறைக்கவும் வராது. நீ அப்படி இருக்கறதாலதான் உன்னை எனக்குப் பிடிக்கும். அதனாலதான் சொல்லலை.

கவுன் வந்துச்சு. காலர் கோணலைக் கண்டுபிடிச்சுட்டா. "பெரியம்மா கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சாங்களா"ன்னு கேட்டா.

தங்கச்சி

&nbsp;

ஜூன் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். உன் அத்தானுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. "தங்கச்சி போன் பண்ணலையா?" என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்கிறார், பிறகு தானே பேச்சை மாற்றிக்கொள்கிறார். சொற்பொழிவைச் சாதாரண வேகத்தில் கேட்கிறார்.

டேப்லெட்டை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். அந்த நாற்பத்தாறு பேரும் என்ன நினைப்பார்கள் என்று இருக்கிறது. பரீட்சை எழுதிய பெண் தேறினாளா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

எட்டு இருபதுக்கு நான் இப்போது கண்ணை மூடுவதில்லை. மூடினால் அந்த மூலைதான் வருகிறது. பாத்திரம் விளக்கிக்கொண்டே, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்கிறேன். நேரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். எந்த நேரம் என்று நோட்டில் எழுதுவதில்லை.

நேற்றுக் காலை வாசற்கதவுக்கு அடியில் ஓர் உறை கிடந்தது. என் பெயரும் எங்கள் வீட்டு முகவரியும் அழகான கையெழுத்தில். தபால்தலை இல்லை. உள்ளே ஒரே தாள்.

"அக்கா, உங்களைத் தொந்தரவு செய்ததாக நினைத்துவிட்டீர்கள். குழந்தையின் வீடு காலியாக இருக்கிறது. எங்கிருந்தாலும் என் பிரார்த்தனை அவளுக்கு உண்டு, திசை தெரிந்தால் போதும். தங்கச்சி கடைசியாக எழுதிய கடிதத்தின் உறையில் எந்த ஊர் முத்திரை என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பதில் வாங்க நானே வருகிறேன்."

எங்கள் முகவரியை நான் ஒருநாளும் சொன்னதில்லை. நோட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டேன். உன் மேஜைமேல் என் கடிதங்கள் கிடந்ததை ஏதாவது ஒரு வீடியோவில் காட்டியிருப்பாய். நான் எப்போதும் உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியைத் தெளிவாக எழுதுகிறவள்.

ஆனால் தங்கச்சி, ஒன்று சொல்லவேண்டும். உன் கடைசிக் கடிதம் வந்த அன்று, தாளைப் படித்து முடித்த கையோடு உறையைக் கவிழ்த்துப் பிடித்தபடியே அடுப்பில் போட்டேன். முத்திரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதி வைத்திருப்பேன், எழுதி வைத்ததைக் கேட்டால் சொல்லிவிடுவேன். முப்பது வருடத்தில் நான் கணக்கில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். நீல நோட்டில் அந்த வரி வெறுமையாக இருக்கிறது.

ஆகவே வரட்டும். வந்து கேட்கட்டும். எனக்குத் தெரியாது என்பேன். அது பொய்யில்லை.

இந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, மேலே 'தங்கச்சிக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. இப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. உன் அத்தான் உள்ளே தூங்குகிறார்.

அக்கா